துருவி வைத்த தேங்காயும் அத்தையின் மௌனமும்: எந்தக் குறுக்குவழி ருசியைக் கெடுக்கிறது?

மாம்பலம் மூன்றாம் மாடி (இழையைத் தொடங்கியவர்)

நேற்று இரவு எங்கள் வீட்டில் ஒரு டப்பாவை வைத்துச் சண்டை. ஞாயிற்றுக்கிழமை மூன்று தேங்காயைத் துருவி ஃப்ரீசரில் வைத்திருந்தேன். அத்தை அந்த டப்பாவை வெளியே எடுத்து மேடையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் பேசவில்லை. என் மாமியாரைத் தெரிந்தவர்களுக்கு அந்த நிற்பின் பொருள் தெரியும். கடைசியில், "எங்கள் வீட்டில் உடைத்த தேங்காயை மறுநாள் தொட மாட்டோம்" என்றார்.

அவர் பிறந்தது கும்பகோணத்துப் பக்கம். கொல்லையில் ஆறு தென்னை நின்ற வீடு. எனக்கு வாய்த்தது மேற்கு மாம்பலத்தில் இரண்டு படுக்கையறையும், காலை 7:40க்குச் சோழிங்கநல்லூர் கிளம்பும் அலுவலக வண்டியும்.

தேங்காய் மட்டுமல்ல. புளியை வாரத்துக்கு ஒருமுறை கரைத்துக் கொதிக்கவைத்துப் பாட்டிலில் ஊற்றி வைக்கிறேன். இஞ்சி பூண்டு விழுது, இரண்டு நாளைக்குச் சேர்த்து வேகவைத்த பருப்பு, பிரிட்ஜில் மாவு. போதாக்குறைக்கு மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டருகே நறுக்கி விற்கும் காய். ஐந்துமே அத்தைக்குப் "பழசு". மாமா கருத்துச் சொல்லவில்லை. கணவர், "அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது" என்று தீர்ப்பு வழங்கிவிட்டுத் தொலைபேசியைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் கேட்பது இதுதான். இவற்றில் எது உண்மையிலேயே ருசியைக் கெடுக்கிறது? எது வெறும் மனக்கசப்பு? சொந்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். "பெரியவர்களை அனுசரித்துப் போ" என்ற அறிவுரை வேண்டாம். அது வீட்டில் தேவைக்கு மேல் கையிருப்பு இருக்கிறது.

கே.கே.நகர் ருசிகன்

உங்கள் அத்தை சொல்வதுதான் சரி. ருசி என்பது கைப்பக்குவம். என் அம்மா அம்மியில் அரைத்து வைக்கும் குழம்பின் மணம் தெருமுனை வரை வரும். மிக்ஸி வந்தது, மணம் போயிற்று. பிரிட்ஜ் வந்தது, நோய் வந்தது. பிரிட்ஜில் வைத்த மாவில் நஞ்சு உண்டாகிறது என்று நேற்றுகூட வாட்ஸ்ஆப்பில் படித்தேன். நேரமில்லை என்பதெல்லாம் சாக்கு. மனம் இருந்தால் ஐந்து மணிக்கு எழலாம்.

காசிமேடு கானாங்கெளுத்தி

ருசிகன் ஐயா, ஒரே ஒரு கேள்வி. நீங்கள் கடைசியாகத் தேங்காய் துருவியது எந்த ஆண்டு?

கே.கே.நகர் ருசிகன்

தலைப்பை விட்டு விலக வேண்டாம்.

காசிமேடு கானாங்கெளுத்தி

இதுதான் ஐயா தலைப்பே. சரி, அது கிடக்கட்டும்.

மாம்பலம் சகோதரி, நானும் என் மாமியாரும் பதினெட்டு வருடமாக ஒரே அடுப்படி. எங்கள் பக்கம் மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்று பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். சங்கராவோ வஞ்சிரமோ, இரவு வைத்து மண்சட்டியிலேயே மூடி, காலையில் ஒரு கொதி விட்டு இறக்கினால் புளியும் காரமும் மீனுக்குள் இறங்கியிருக்கும். அதைப் பார்த்து எவரும் பழசு என்று முகம் சுளித்ததில்லை. இட்லிக்கு ஊற்றிக்கொள்ள அடிதடி நடக்கும். ஆகவே பழசு என்ற சொல்லை வீட்டில் யார், எந்தச் சட்டியைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பை மறுநாளுக்கு நம்பி வெளியே வைக்காதீர்கள். சென்னை வெக்கையில் விடிவதற்குள் நுரைத்துவிடும். புளியும் மிளகாய்த்தூளும் மட்டும் சேர்ந்த குழம்புதான் தாங்கும்.

என் குறுக்குவழி என்ன தெரியுமா? மீனை நான் ஆய்வதே இல்லை. சந்தையிலேயே அரிவாள்மனையோடு வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். செதிள் சுரண்டி, குடல் எடுத்து, துண்டு போட்டுத் தருவார்கள். அதற்குக் கொடுக்கும் காசை என் மாமியார் பல வருடம் தண்டச் செலவு என்றார். அவர் கையில் ஒருமுறை கெளுத்தி முள் ஏறியது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை. குழம்பு மிளகாய்த்தூளும் அப்படித்தான், ஆண்டுக்கு இரண்டு முறை மில்லில் அரைத்துவிடுவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது, மீன் விலையைத் தொட முடியாது. அப்போது நெத்திலிக் கருவாடும் இந்தத் தூளும்தான் வீட்டை ஓட்டுகின்றன.

பெரம்பூர் ரிட்டயர்டு

என் வயது 66. ஐ.சி.எப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவிக்கு முழங்கால் அறுவைசிகிச்சை ஆனதிலிருந்து இரண்டு ஆண்டாக அடுப்படி என் பொறுப்பு. ருசிகன் சார் வயதுவரை நானும் அவரைப்போலத்தான் பேசிக்கொண்டிருந்தேன். இன்று பேச முடிவதில்லை.

பருப்பைப் பற்றிச் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் என் சாம்பார் படுதோல்வி. நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று துவரம்பருப்பு, புளித்தண்ணீர், தக்காளி, முருங்கைக்காய் எல்லாவற்றையும் குக்கரில் ஒன்றாகப் போட்டேன். ஐந்து விசில் விட்டும் பருப்பு பொருள்விளங்கா உருண்டை மாதிரி நறுக்கென்று நின்றது. மனைவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பல்லுக்கும் அறுவைசிகிச்சை செய்துகொள்ள வேண்டுமா?" என்று கேட்டார்.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. புளிப்பு சேர்ந்தால் பருப்பும் காயும் குழையாது, அவற்றின் செல்சுவர் இளகுவதைப் புளிப்பு தடுக்கும். அதனால்தான் நம் பெண்கள் காலங்காலமாகக் காய் வெந்த பிறகே புளியை ஊற்றுகிறார்கள். கேட்டால் "அப்படித்தான்" என்பார்கள். இன்னொரு காரணம் தண்ணீர். எங்கள் அடுக்குமாடியில் ஆழ்துளைக் கிணற்று நீர், பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியும். ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். ஒரே குக்கரில் இரண்டு கிண்ணம், இரண்டிலும் அதே பருப்பு கால் ஆழாக்கு. ஒன்றில் கிணற்று நீர், மற்றதில் கேன் தண்ணீர். திறந்தபோது கேன் தண்ணீர்ப் பருப்பு கரண்டியால் தொட்டதும் மசிந்தது. மற்றது முழுசாக, தோரணையாக உட்கார்ந்திருந்தது. கடின நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து செய்கிற வேலை அது. அன்றிலிருந்து பருப்புக்கு மட்டும் கேன் தண்ணீர்.

விசில் எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் ஏறக்குறைய 120 டிகிரியில் கொதிக்கிறது. சீக்கிரம் வேக வைப்பது அந்தச் சூடுதான். விசில் என்பது மிஞ்சிய ஆவி எடையைத் தூக்கிக்கொண்டு போவது, அவ்வளவே. தீ பெரிதாக இருந்தால் ஐந்து விசில் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். ஆகவே முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிறிதாக்கி எட்டு நிமிடம் வையுங்கள், பிறகு அணைத்துவிட்டுத் தானாக அடங்க விடுங்கள். பருப்பை அரை மணி ஊறவைத்து, மஞ்சள்தூளும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விட்டால் பொங்கி அடைக்காது. இதில் ருசி எங்கே கெடுகிறது?

அடையாறு ஆய்வுக்கூடம்

உணவு நுண்ணுயிரியல் கற்பிக்கிறேன். பெரம்பூர் ஐயாவின் இரட்டைக் கிண்ணச் சோதனையை வகுப்பில் சொல்லப் போகிறேன்.

வாட்ஸ்ஆப் நஞ்சு பற்றி: பிரிட்ஜில் மாவு மெல்ல மெல்லப் புளிக்கிறது. புளிப்பு என்பது நஞ்சல்ல. அந்தப் புளிப்புதான் கெடுக்கும் கிருமிகளைத் தள்ளி நிறுத்துகிறது. நொதிக்கவைக்கும் நுண்ணுயிரிகளில் பெரும்பங்கு உளுந்தோடும் அரிசியோடும் வருபவை. கைராசிக்கு இரண்டாம் இடம்தான்.

நான் உண்மையில் பயப்படுவது இரண்டுக்கு. ஒன்று, மதியம் வடித்த சோற்றை இரவுவரை மேடையில் விடுவது. அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் விதைகள் கொதித்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்து நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மிஞ்சுவதை ஆறியவுடன் பிரிட்ஜில் வையுங்கள். இன்னொன்று, பூண்டை எண்ணெயில் மூழ்கடித்து வெளியே வைப்பது. காற்றுப் புகாத அந்த இடம் மிக ஆபத்தான ஒரு கிருமிக்கு வசதியானது. இஞ்சி பூண்டு விழுதுக்கு இடம் ஃப்ரீசர், அலமாரி அல்ல.

ருசி கெடுகிறதா என்று தெரிய வேண்டுமானால் சண்டை போடாமல் சோதியுங்கள். எங்கள் துறையில் முக்கோணச் சோதனை என்று உண்டு. மூன்று டம்ளர். இரண்டில் ஒன்றே, மூன்றாவதில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். "எது நல்லது" என்று கேட்கவே கூடாது, கேட்டால் கௌரவம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வேளச்சேரி வாடகை அறை

ஆய்வுக்கூடம் அக்கா, ஒரு சந்தேகம். நானும் ஃப்ரீசர் தேங்காயில் சட்னி அரைத்தேன். வெள்ளை வெள்ளையாக மெழுகுத் துணுக்கு மிதந்து கரண்டியெல்லாம் ஒட்டிக்கொண்டது. தேங்காயில் கலப்படமா?

அடையாறு ஆய்வுக்கூடம்

கலப்படம் இல்லை தம்பி, அவசரம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உறைந்த தேங்காயைக் குளிர்ந்த தண்ணீர் விட்டு அரைத்தால் எண்ணெய் தனியே திரண்டு வெண்ணெய் மாதிரி ஒட்டும். டப்பாவோடு வெந்நீரில் பத்து நிமிடம் வைத்து, வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்துப் பாருங்கள்.

மயிலாப்பூர் பாட்டி

பேத்தி தட்டச்சு செய்கிறாள், நான் சொல்கிறேன். எனக்கு 76 வயது.

மாம்பலத்துப் பெண்ணே, நான் 1968இல் பதினோரு பேர் இருந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். கும்மட்டி அடுப்பும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும்தான். மூன்று வருடம் கழித்து என் வீட்டுக்காரர் ஒரு பிரஷர் குக்கர் வாங்கி வந்தார். என் மாமியார் அதற்கு வைத்த பெயர் ஜெயில். "மூடிப் பூட்டி வைத்துச் சோறு ஆக்குவதா? அது ஜெயில் சோறு" என்பார். கஞ்சி வடிக்காத சோறு வாயு என்பார். அவருக்கு மட்டும் தனியாக வெண்கலப் பானையில் வடிப்பேன். ஆறு வருடம் அப்படி. அதே குக்கரில் வெந்த பருப்பு மட்டும் இரண்டாம் மாதத்திலேயே அவருக்கு ஏற்புடையதாகிவிட்டது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததால்தான் ஆறு வருடத்தில் முடிந்தது, கேட்டிருந்தால் பன்னிரண்டு ஆகியிருக்கும்.

இப்போது உங்கள் எல்லாரையும் ஒன்று கேட்கிறேன். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். கொத்தவால்சாவடியில் வருடத்துக்கும் வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு ஜாடியில் அமுக்குவோம். மார்க்கெட்டைக் கோயம்பேட்டுக்கு மாற்றியது 1996இல், நான் சொல்வது அதற்கு வெகுகாலம் முன்பு. சித்திரை பிறந்தால் வடாம், அப்பளம், மோர்மிளகாய், மணத்தக்காளி வற்றல், சுண்டை வற்றல். கத்திரி வெயில் முழுக்க மொட்டை மாடியில் காக்காய் விரட்டுவதே வேலை. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி எப்போதும் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு நாத்தனார் குடும்பத்தோடு வந்து நின்றால் பத்து நிமிடத்தில் இலை போட்டுவிடுவேன். இதற்கெல்லாம் என்ன பெயர்? அன்றைக்கு நாங்கள் குறுக்குவழி என்று சொல்லவில்லை, சாமர்த்தியம் என்று சொன்னோம்.

உன் அத்தையிடம் சண்டை போடாதே. அவருடைய அலமாரியில் மேல்தட்டு டப்பாக்களில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்.

வேளச்சேரி வாடகை அறை

பாட்டி சொல்வதற்கு நான் சாட்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை, தெருவில் இறங்க முடியாத அளவுக்குத் தண்ணீர். நான் முதல் மாடி. ஃப்ரீசரில் பெருமையாக வைத்திருந்த பரோட்டா, குழம்பு, வதக்கிய தக்காளி விழுது எல்லாம் இரண்டாம் நாள் மாலையே கசிய ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் நாள் கதவைத் திறந்தவன் அப்படியே மூடினேன். கேஸ் இருந்தது, அரிசி இருந்தது. அம்மா தூத்துக்குடியிலிருந்து கட்டிக் கொடுத்த பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் இருந்தன. பக்கத்து அறைப் பையன்கள் இரண்டு பேரும் சேர்ந்து மூன்று வேளை அதைத்தான் சாப்பிட்டோம். நல்லெண்ணெய் தீர்ந்துபோனதுதான் ஒரே குறை.

அதற்கு முன்பு அம்மா பொடி டப்பாவை நீட்டினால் "பெட்டியில் இடமில்லை" என்பேன். இப்போது ஊரிலிருந்து கிளம்பும்போது சட்டையைக் குறைத்துக்கொள்கிறேன்.

தாம்பரம் மாவு

நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து எங்கள் தெருவுக்கும் பக்கத்து இரண்டு தெருவுக்கும் விற்கிறேன். 2011க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லா கிரைண்டரில் தொடங்கிய தொழில். இப்போது பெரிய கிரைண்டர் வாங்கிவிட்டேன். பழையதும் ஓடுகிறது, உளுந்து மட்டும் அதில்.

"கடை மாவில் சோடா" என்று சொல்பவர்களைத் தினம் பார்க்கிறேன். போடுபவர்கள் இருக்கலாம், நான் போடுவதில்லை. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு கைப்பிடி வெந்தயம். மே மாதத்தில் கல் சூடேறிவிடும் என்பதால் ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் உளுந்தை ஆட்ட வேண்டும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும், மறுபேச்சு இல்லை. இங்கேதான் அவசரக்காரர்கள் தோற்கிறார்கள். அரிசியில் அவசரப்படலாம், உளுந்தில் முடியாது.

நீங்கள் வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: எப்போது அரைத்தது? காலையில் அரைத்த மாவைச் சித்திரை வெயிலில் மதியம் வாங்கினால் பாக்கெட் உப்பிக்கொண்டு வரும். ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழியில் அதே மாவுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். வீட்டில் அரைப்பவர்கள் மொத்தத்தையும் வெளியே எடுத்து எடுத்துப் பிரிட்ஜில் வைக்காமல், வேண்டிய அளவை மட்டும் கிண்ணத்தில் எடுங்கள். முதல் இரண்டு நாள் இட்லி, மூன்றாம் நாள் தோசை, அதற்கப்புறம் வெங்காயம் பச்சைமிளகாய் போட்டு ஊத்தப்பம். ஐந்தாம் நாள் மிச்சத்தைக் குழிப்பணியாரமாக்கினால் அதன் வயதை யாரும் கேட்க மாட்டார்கள்.

என் வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு வருடமாகத் தன் பாத்திரத்தைக் கொடுத்தனுப்பி அதில்தான் மாவு வாங்குகிறார். பாக்கெட்டைப் பார்த்தால் மாமியார் கண்டுபிடித்துவிடுவாராம். போன மாதம் அந்த மாமியாரே என்னிடம் வந்து அரைக் கிலோ வாங்கிப் போனார். மருமகளிடம் சொல்ல வேண்டாம் என்றார். இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஊரைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டேன்.

மாம்பலம் மூன்றாம் மாடி

எல்லாருக்கும் நன்றி. ஆய்வுக்கூடம் அக்கா சொன்ன சோதனையை ஞாயிற்றுக்கிழமை செய்யப் போகிறேன். இதற்கிடையில் காய் விஷயம். எங்கள் பக்கம் ரங்கநாதன் தெருவிலும் ரயில் நிலையப் படியிலும் மாலையில் பெண்கள் உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்குவார்கள், சின்ன வெங்காயம் உரிப்பார்கள். ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகும் எங்களைப் போன்றவர்களை நம்பித்தான் அந்த வியாபாரம். நான் அங்கே மறக்காமல் வாங்குவது வாழைப்பூ. ஒவ்வொரு பூவிலும் கள்ளனை எடுத்துத் தருவார்கள். ஒரு பூவுக்கு வீட்டில் நாற்பது நிமிடம் ஆகும். கீரையை மட்டும் நறுக்கியதாக வாங்குவதில்லை. காலையில் நறுக்கியது மாலையில் ஓரம் கறுத்து வாடியிருக்கும், அதில் அத்தை சொல்வது சரி.

கே.கே.நகர் ருசிகன்

யாரைக் கள்ளன் என்கிறீர்கள்? உழைத்துப் பிழைக்கும் பெண்களைப் பற்றி மரியாதையாகப் பேசவும்.

காசிமேடு கானாங்கெளுத்தி

ஐயா! வாழைப்பூவின் ஒவ்வொரு சிறு பூவுக்குள்ளும் நடுவில் தீக்குச்சி மாதிரி ஒரு நரம்பு இருக்கும், வேகவே வேகாது. அதற்குப் பெயர் கள்ளன். அதை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பூவை மோரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுக்கும். உங்கள் அம்மா எத்தனை வருடம் உங்களுக்கு வாழைப்பூ உசிலி செய்து போட்டார்கள்?

கே.கே.நகர் ருசிகன்

நிறைய.

பெரம்பூர் ரிட்டயர்டு

ருசிகன் சார், வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு அது 64 வயதில்தான் தெரிந்தது. ஒரு முறை கள்ளனோடு சேர்த்து வதக்கியே இறக்கியிருக்கிறேன்.

மாம்பலம் மூன்றாம் மாடி

சோதனை முடிந்தது. விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ரசம். இரண்டு பாத்திரம், ஒரே தக்காளி, ஒரே ரசப்பொடி, இரண்டையும் நுரை கட்டியவுடன் இறக்கினேன். ஒன்றில் அன்றைக்கு ஊறவைத்த புளி, மற்றதில் பாட்டில் புளி. அத்தை, மாமா, கணவர் மூவருக்கும் ஆளுக்கு மூன்று டம்ளர். நிறம் தெரியக்கூடாது என்று எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி விளக்கையும் அணைத்தேன். கணவர் ஒவ்வொன்றையும் சொட்டுச் சொட்டாகச் சப்பி, கண்ணை மூடி யோசித்து, தவறான டம்ளரைக் காட்டினார். மாமா மூன்றையும் குடித்துவிட்டு நாலாவது கேட்டார். அத்தை குடிக்கவே இல்லை. மூன்றையும் மூக்கருகே கொண்டுபோய், நடு டம்ளரைத் தள்ளி வைத்து, "இது கொதித்த புளி" என்றார். சரியான விடை. வரிசையை மாற்றி மறுபடியும் வைத்தேன். மறுபடியும் சரி.

அடுத்தது தேங்காய். அக்கா சொன்னபடி டப்பாவை வெந்நீரில் வைத்து எடுத்து, புடலங்காய்க் கூட்டுக்கு அரைத்தேன். இன்னொன்றுக்கு அப்போதே உடைத்த தேங்காய். கணவர் புதுத் தேங்காய்க் கூட்டைத் தொட்டு, "இதில் பிரிட்ஜ் வாசனை அடிக்கிறது" என்றார். அத்தை மூன்று கிண்ணத்தையும் இரண்டு சுற்று சாப்பிட்டுப் பார்த்தார். ஒன்றைக் காட்டினார், தவறு. இன்னொரு முறை கேட்டார், வேறொன்றைக் காட்டினார், அதுவும் தவறு. "தேங்காய் நல்ல முற்றல், அதனால் தெரியவில்லை" என்றார். நான் பேசாமல் இருந்தேன். மயிலாப்பூர் பாட்டியிடம் கற்றது.

அடையாறு ஆய்வுக்கூடம்

குருட்டாம்போக்கில் ஒருமுறை சரியாகச் சொல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று, இரண்டு முறையும் சொல்வது ஒன்பதில் ஒன்று. அத்தை குடிக்காமலேயே, காரணத்தோடு சொல்லியிருக்கிறார். அவருக்கு உண்மையிலேயே தெரிகிறது. கொதிக்கவைத்த புளியில் அந்தப் பச்சை மணம் ஆவியோடு போய்விடும், நிறமும் கறுக்கும். பாட்டில் புளியை வத்தக்குழம்புக்கும் புளியோதரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் எப்படியும் நன்றாகக் கொதிக்கத்தானே போகிறது.

மாம்பலம் மூன்றாம் மாடி

ரசத்துக்கு இனிமேல் பாட்டில் இல்லை. காலையில் ஊறவைக்க நேரமில்லை என்று சொன்னேன். அத்தை என்னை ஏதோ பள்ளிக்கூடம் போகாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சாதம் வைக்கும் குக்கரில் மேலே ஒரு சின்னக் கிண்ணத்தில் புளியையும் தண்ணீரையும் வை. திறக்கும்போது கரைந்து நிற்கும்" என்றார். முப்பது வருடமாக அப்படித்தான் செய்கிறாராம். "இது குறுக்குவழி இல்லையா அத்தை?" என்றேன். "இது வழி" என்றார்.

பாட்டி சொன்ன மேல்தட்டையும் பார்த்தேன். தாளிப்பு வடகம்! ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய உருண்டைகள், போன கோடையில் ஊரில் போட்டது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் ஓர் உருண்டைக்குள். எண்ணெயில் ஒன்றைக் கிள்ளிப் போட்டால் தாளிப்பு முடிந்தது. ஆறு டப்பாவைத் திறந்து மூட வேண்டியதில்லை. இத்தனை நாளும் அத்தையின் வத்தக்குழம்புக்கு மட்டும் அந்த மணம் எப்படி வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஃப்ரீசர் டப்பா இப்போதைக்கு அதன் இடத்திலேயே இருக்கிறது. அவர் அதைத் திறப்பதில்லை. நேற்று மாலை அவியலுக்குத் தேங்காய் போதவில்லை என்றபோது, "அந்த டப்பாவிலிருந்து நீயே எடுத்துக் கொடு" என்றார்.

தாம்பரம் மாவு

வடகத்துக்கு அளவு கேட்டுச் சொல்லுங்களேன். இந்தக் கோடையில் போட்டு மாவோடு சேர்த்து விற்றுப் பார்க்கிறேன்.

மாம்பலம் மூன்றாம் மாடி

பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்கிறார். சின்ன வெங்காயம் இரண்டு கிலோ, பூண்டு கால் கிலோ, இரண்டையும் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும், மிக்ஸியில் போட்டால் தண்ணீர் விட்டுவிடும். முழு உளுந்து கால் கிலோ, கடுகு நூறு, சீரகம் நூறு, வெந்தயம் ஐம்பது கிராம். மஞ்சள்தூள், கல் உப்பு, கறிவேப்பிலை. முதல் நாள் பிசறி மூடி வைத்துவிட்டு, மறுநாளிலிருந்து வெயிலில். தினமும் மாலையில் எடுத்து அதன் சாற்றிலேயே மறுபடி பிசறி உருட்ட வேண்டும். சாறு வற்றியதும் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, கல் மாதிரி ஆகும்வரை காய வேண்டும்.

மயிலாப்பூர் பாட்டி

கடுகு இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்று சொல்.

மாம்பலம் மூன்றாம் மாடி

சொன்னேன் பாட்டி. கூட்டினால் கசக்குமாம்.

தாம்பரம் மாவு

விளக்கெண்ணெய் எவ்வளவு என்று சொல்லவில்லையே?

மாம்பலம் மூன்றாம் மாடி

உள்ளங்கை பளபளக்க வேண்டும், வழியக்கூடாது என்கிறார். எத்தனை கரண்டி என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். கையை நீட்டிக் காட்டுகிறார்.